பழைய கம்பெனியிலிருந்து தவறுதலாகப் பணம் ஏறிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாண்டி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சில சிறு கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக்கொடுப்பது என் வேலை. சேதராப்பட்டிலும் திருபுவனையிலும் வேலை பார்த்துவிட்டு வேறு இடம் மாறியவர்கள், கடலூர் சிப்காட்டில் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள், தினமும் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து போனவர்கள் என்று பலரும் ஒரே சந்தேகத்தோடு வருகிறார்கள்: வேலையை விட்ட பிறகும் பழைய கம்பெனி பணம் போட்டிருக்கிறது, என்ன செய்வது?

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதைவிட எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, ஆடிட்டரும் இல்லை. அவர்களிடம் போகவேண்டிய இடம் எது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

சார், வேலைய விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. பழைய கம்பெனிலேர்ந்து திடீர்னு பணம் ஏறியிருக்கு. இது என்ன பணம்?

எடுத்த எடுப்பிலேயே "தப்பாக வந்தது" என்று முடிவு கட்டாதீர்கள். உங்களுக்கு நியாயமாக வரவேண்டிய பணமாகவும் இருக்கலாம். முக்கியமாக போனஸ். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, அந்தக் கணக்காண்டில் 30 நாளாவது வேலை பார்த்திருந்தால், இடையில் நின்றவருக்கும் போனஸ் உண்டு. குறைந்தபட்சம் 8.33 சதவீதம். கணக்காண்டு முடிந்து 8 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பதால், மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் தீபாவளியை ஒட்டிப் போடுவார்கள். மே மாதம் நின்றவருக்கு அக்டோபரில் பணம் ஏறினால் அது போன ஆண்டு போனஸாக இருக்க நிறைய வாய்ப்பு. விடுப்புச் சம்பளம், சம்பள உயர்வின் அரியர்ஸ், தாமதமான செட்டில்மென்ட் (வேலையை விடும்போது தரும் கடைசிக் கணக்குப் பணம்) ஆகியவையும் இப்படித்தான் வரும்.

பாஸ்புக்கில் அந்த வரவுக்கு நேராக இருக்கும் வரியைப் பாருங்கள். "சேலரி" என்று மாதப் பெயரோடு இருந்து, தொகையும் உங்கள் பழைய மாதச் சம்பளத்தோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனால் அது தவறாக வந்ததாகவே இருக்கும். செட்டில்மென்ட் தொகையே இரண்டாம் முறை அப்படியே வந்திருந்தாலும் அதே கதை. பி.எஃப். பணம் கம்பெனியிலிருந்து வராது, வருங்கால வைப்பு நிதி அலுவலகத்திலிருந்து வரும். அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நின்னுபோன ஆளுக்கு எப்படி சார் சம்பளம் போடுவாங்க? பார்க்கவே மாட்டாங்களா?

பார்ப்பார்கள், ஆனால் பார்க்கிறவர் வேறு, போடுகிறவர் வேறு. பெரும்பாலான இடங்களில் சம்பளப் பட்டியலுக்கான விவரங்களை 20, 25 தேதி வாக்கில் மூடிவிடுவார்கள். நீங்கள் 28-ம் தேதி விடுபட்டால் அந்தச் செய்தி ஹெச்ஆர் மேசையில் இருக்கும், அக்கவுன்ட்ஸ் மேசைக்கு வந்திருக்காது. சின்னக் கம்பெனிகளில் வங்கிக்கு ஏற்றும் எக்செல் கோப்பைப் புதிதாகச் செய்வதில்லை. போன மாதக் கோப்பைத் திறந்து, தேதியை மாற்றி, விடுப்பு எடுத்தவர்களின் தொகையை மட்டும் திருத்தி ஏற்றுவார்கள். உங்கள் பெயர் இருக்கும் வரியை அழிக்க மறந்தால் போதும், பணம் போய்விடும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் இன்சென்டிவ் இன்னொருவருக்குப் போவதும் உண்டு.

தவறு வெளியே வருவது வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும்போது, இல்லையென்றால் ஆண்டு தணிக்கையில். ஆடிட்டர் ஆள் கணக்கையும் சம்பளத் தொகையையும் ஒப்பிட்டு "இந்த ஆள் யார்?" என்று கேட்பார். அதனால்தான் மாதக்கணக்கில் பேச்சே இல்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் போன் வருகிறது.

தப்பு அவங்களோடது. நான் ஏன் திருப்பித் தரணும்?

தவறு யாருடையது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 72: தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தரவேண்டும். அந்தப் பிரிவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒருவருக்கு நூறு ரூபாய் தரவேண்டும். ஒருவர் முழுதாகக் கொடுத்துவிடுகிறார். அது தெரியாமல் மற்றவரும் நூறு ரூபாய் கொடுக்கிறார். இரண்டாவது நூறைத் திருப்பித் தந்தாகவேண்டும். உங்கள் செட்டில்மென்ட் இரண்டு தடவை ஏறியதும் இதேதான்.

கடலூராக இருந்தாலும் புதுச்சேரியாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். "அவங்க அலட்சியத்துக்கு அபராதம்" என்ற வாதம் டீக்கடையில் எடுபடும், கோர்ட்டில் எடுபடாது. ஆனால் திருப்பித் தரவேண்டும் என்பது வேறு, அவர்கள் சொல்லும் தொகையை அவர்கள் சொல்லும் வழியில் சொன்ன நிமிடமே தரவேண்டும் என்பது வேறு. கீழே இருக்கும் பதில்களில் பாதி இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

அண்ணே, தெரியாம செலவு பண்ணிட்டேன். போலீஸ் கேஸ் ஆயிடுமா?

தெரியாமல் செலவு செய்தது குற்றம் இல்லை. சம்பளக் கணக்கில் பணம் கிடந்தது, கடைசி மாதச் சம்பளம் என்று நினைத்து எடுத்தேன் என்றால் அது கடன் விவகாரம், அவ்வளவே.

தெரிந்த பிறகு செய்வதுதான் சிக்கல். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ம் பிரிவு, பிறர் சொத்தை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைக் குற்றமாக்குகிறது. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறையும் அபராதமும். தன்னுடையது என்று நம்பி எடுத்தவர் குற்றவாளி இல்லை, தன்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகும் வைத்துக்கொண்டால் குற்றவாளி என்று அந்தப் பிரிவின் எடுத்துக்காட்டே சொல்கிறது. எனவே போன் வந்த பிறகு பணத்தை மொத்தமாக எடுத்து மச்சான் கணக்குக்கு மாற்றுவது, நம்பரை பிளாக் செய்வது, "எனக்குப் பணமே வரவில்லை" என்பது எல்லாம் சாதாரணக் கடனைக் கிரிமினல் கேஸ் ஆக்கும் வேலைகள்.

அவங்க கேக்கறவரைக்கும் சும்மா இருந்தா என்ன? நானா போய் சொல்லணுமா?

சொல்லிவிடுங்கள். சும்மா இருந்தால் பணம் உங்களுடையது ஆகிவிடாது (காலவரம்பு பற்றிப் பின்னால் வருகிறது). நீங்களே முதலில் எழுதினால், மேலே சொன்ன குற்றவழக்குப் பேச்சுக்கே இடம் இல்லாமல் போகும். இன்னொரு லாபமும் உண்டு: தவணை கேட்கவேண்டி வந்தாலும், பிடித்தம் பற்றிப் பேசவேண்டி வந்தாலும், முதலில் எழுதியவர் பேச்சுக்கு மரியாதை இருக்கும்.

அதுவரை அந்தத் தொகையைத் தொடாதீர்கள். சம்பளக் கணக்கிலேயே வைத்தால் ஏதாவது ஆட்டோ டெபிட்டில் போய்விடும் என்று பயமாக இருந்தால், உங்கள் பெயரிலேயே உள்ள வேறொரு சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். வீட்டார் பெயருக்கு மாற்றவேண்டாம்.

என்னன்னு எழுதறது? எனக்கு இங்கிலீஷ்ல மெயில் போட வராதே.

தமிழிலேயே எழுதலாம். ஹெச்ஆருக்கும் அக்கவுன்ட்ஸுக்கும் சேர்த்து அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். நான் உங்கள் நிறுவனத்தில் வேலை பார்த்து ஜூன் 14 அன்று விடுபட்டேன். ஜூலை 31 அன்று உங்கள் நிறுவனத்தின் கணக்கிலிருந்து என் வங்கிக் கணக்கில் 30,200 ரூபாய் வரவாகியுள்ளது. இது எதற்கான பணம் என்று தெரிவிக்கவும். தவறுதலாக வந்திருந்தால், திருப்பிச் செலுத்தவேண்டிய தொகை, அதற்கான கணக்கு விவரம், நிறுவனத்தின் வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எழுத்தில் அனுப்பவும். கிடைத்ததும் வங்கி வழியாகச் செலுத்திவிடுகிறேன்."

பணியாளர் எண்ணை மறக்காமல் போடுங்கள். "தவறாக வந்துவிட்டது" என்று நீங்களே முடிவு சொல்லாமல் "எதற்கான பணம்" என்று கேட்டிருப்பதைக் கவனியுங்கள். போனஸாக இருந்தால் நீங்களே அதை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகக்கூடாது. மெயிலுக்குப் பதில் இல்லையென்றால் இதையே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஹெச்ஆர் மேடம் போன் பண்ணாங்க. அவங்க ஜிபே நம்பருக்கு உடனே அனுப்பச் சொல்றாங்க. அனுப்பலாமா?

கூடாது. அவர் உண்மையான ஹெச்ஆராகவே இருந்தாலும் கூடாது. கம்பெனி கணக்கிலிருந்து வந்த பணம் கம்பெனி கணக்குக்குத்தான் போகவேண்டும். தனிப்பட்ட நம்பருக்கு அனுப்பினால் கம்பெனிப் புத்தகத்தில் உங்கள் பெயரில் பாக்கி அப்படியே நிற்கும். நாளைக்கு அவரும் வேலையை விட்டுவிட்டால் யாரிடம் கேட்பீர்கள்? கையில் ரொக்கமாகக் கொடுப்பதும் இதே கதைதான்.

பேசுவது மோசடி ஆளாகவும் இருக்கலாம். "தவறி அனுப்பிட்டேன், திருப்பிப் போடுங்க" என்பது இப்போது நடக்கும் ஏமாற்று வேலைகளில் ஒன்று. பணம் வந்தது போல ஒரு போலி எஸ்எம்எஸ் அனுப்புவார்கள், கணக்கில் ஒன்றும் ஏறியிருக்காது. அல்லது வேறு யாரிடமோ திருடிய பணத்தை உங்கள் கணக்கு வழியாகக் கைமாற்றுவார்கள். எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வங்கி ஆப்பில் இருப்பைப் பாருங்கள். ஹெச்ஆர் என்று சொன்னவரிடம் "சரிங்க, ஆபீஸ் மெயில்லேர்ந்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, உங்களிடம் இருக்கும் பழைய ஆபீஸ் நம்பருக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் அதே எண்தான்.

சின்னக் கம்பெனியில் தனி மெயில் இருக்காது, ஜிமெயில்தான் இருக்கும். அப்படியென்றால் லெட்டர்ஹெட்டில் முத்திரையும் கையெழுத்தும் போட்ட கடிதம் கேளுங்கள்.

பேங்க்ல போய் சொன்னா அவங்களே திருப்பி எடுத்துக்க மாட்டாங்களா?

வங்கியே இரண்டு தடவை வரவு வைத்திருந்தால் அதை அவர்களே சரிசெய்துகொள்வார்கள். கம்பெனி ஏற்றிய கோப்பில் இருந்த தவறு என்றால், பணம் உங்கள் கணக்கில் விழுந்த பிறகு உங்கள் சம்மதம் இல்லாமல் எடுப்பது வழக்கம் இல்லை. கம்பெனி தன் வங்கிக்கு எழுதும், அது உங்கள் கிளைக்கு எழுதும், கிளையிலிருந்து உங்களைக் கூப்பிட்டுச் சம்மதக் கடிதம் கேட்பார்கள். சில சமயம் அந்தத் தொகை அளவுக்கு நிறுத்தி வைப்பார்கள். சம்மதக் கடிதத்தில் தொகையை நீங்களே எழுத்தாலும் எண்ணாலும் நிரப்புங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்.

நீங்களாக அனுப்புவதாக இருந்தால் நெஃப்ட் நல்லது. குறிப்புப் பகுதியில் பணியாளர் எண்ணும் "ஜூலை சம்பளம் திருப்பம்" என்பது போல ஒரு வரியும் போடுங்கள். கிடைக்கும் யுடிஆர் எண்ணை (அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கைக்கு வந்தது 30,200. அவங்க 32,000 கேக்கறாங்க. எது சரி?

அதிகம் சண்டை நடப்பது இதில்தான். உங்கள் கைக்கு வராத பணத்தை நீங்கள் திருப்பித் தரவேண்டியதில்லை. மொத்தச் சம்பளம் 32,000, அதில் பி.எஃப். பிடித்தம் 1,800 (15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம்) என்று வையுங்கள். உங்கள் கணக்குக்கு வந்தது 30,200. அந்த 1,800 உங்கள் பாக்கெட்டுக்கு வரவில்லை, பி.எஃப். கணக்குக்குப் போயிருக்கிறது. தவறாகக் கட்டியதைக் கம்பெனிதான் பி.எஃப். அலுவலகத்தில் எழுதிச் சரிசெய்யவேண்டும். ஈஎஸ்ஐ, வருமான வரிப் பிடித்தம் எதுவாக இருந்தாலும் இதே முறை: யாரிடம் போனதோ அங்கே கம்பெனி கேட்கவேண்டும்.

மொத்தத் தொகையைக் கேட்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று சொல்லமாட்டேன். அக்கவுன்ட்ஸில் இருப்பவருக்குத் திரையில் தெரிவது மொத்தத் தொகை, அதை அப்படியே டைப் அடித்து அனுப்பியிருப்பார். "அந்த மாதத்துக்கான பே ஸ்லிப் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். ஸ்லிப் போடும்போது அவர்களுக்கே கணக்குப் புரிந்துவிடும்.

அந்த மாசத்துக்கும் பி.எஃப். ஏறிடுச்சு. புது கம்பெனிக்கு மாத்த முடியல. என்ன பண்றது?

பி.எஃப். தளத்தில் நீங்கள் விடுபட்ட தேதியைக் கம்பெனி பதிவு செய்யவேண்டும். அவர்கள் செய்யாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்குப் பிறகு 2 மாதம் கழித்து நீங்களே பதிவு செய்யலாம். தவறான மாதத்துக்கும் பங்களிப்பு ஏறினால் "கடைசி மாதம்" தள்ளிப்போய்விடும். ஜூன் 14-ல் விடுபட்டு ஜூன் 16-ல் புது இடத்தில் சேர்ந்தவருக்கு, ஜூலையில் இரண்டு கம்பெனியிலும் வேலை பார்த்ததுபோல் பதிவு நிற்கும்.

திருப்பிச் செலுத்தும் கடிதத்திலேயே இதையும் சேர்த்துக் கேளுங்கள்: சரியான விடுபட்ட தேதியைப் பதிய வேண்டும், தவறான மாதப் பங்களிப்பைச் சரிசெய்ய வேண்டும் என்று. பணம் கையை விட்டுப் போன பிறகு கேட்டால் அவர்களுக்கு அவசரம் இருக்காது. "பி.எஃப். பணத்தை கிளைம் போட்டு எடுத்து எங்களுக்குக் கொடு" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வருமான வரிக் கணக்குல அந்தப் பணமும் சேர்ந்து காட்டுது. வரி நான் கட்டணுமா?

வந்ததும் திருப்பியதும் ஒரே நிதியாண்டுக்குள் முடிந்தால் தலைவலி குறைவு. கம்பெனி தன் காலாண்டு டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) கணக்கில் உங்கள் சம்பளத்தைக் குறைத்துக் காட்டும், ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் பார்ம் 16 சான்றும் சரியாக வரும். மார்ச்சில் வந்து மே மாதம் திருப்பினால்தான் இடிக்கும். திருத்தக் கணக்குத் தாக்கல் செய்து புதிய பார்ம் 16 தரும்படி எழுத்தில் கேளுங்கள். அவர்கள் அசையவில்லை என்றால் திருப்பிய ஆதாரங்களோடு ஆடிட்டரைப் பாருங்கள்.

நடைமுறையில் பலருக்கு இதில் வரியே வராது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், நிலைக்கழிவையும் (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) சேர்த்தால் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி இல்லை. ஆனால் கல்வி உதவித்தொகை என்று வருமானச் சான்று வாங்கும் வீடுகளில் பார்ம் 16 தொகை கூடியிருந்தால் கேள்வி வரும். அதற்காகவாவது திருத்தி வாங்குங்கள்.

ஏறின பணத்தை இஎம்ஐ புடிச்சிக்கிச்சு. ஒரே தடவையில கட்ட என்னால ஆகாது.

தவணை கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முன்னாள் ஊழியர் மேல் கேஸ் போட்டு வக்கீலுக்குச் செலவு செய்வதைவிட மாதம் 5,000 வாங்கிக்கொள்வது கம்பெனிக்கும் லாபம். ஆனால் உங்களால் முடிந்த தொகையைச் சொல்லுங்கள். 10,000 என்று வீராப்பாகச் சொல்லி இரண்டாவது மாதமே நிறுத்தினால், முதலில் எழுதியதால் கிடைத்த மரியாதை எல்லாம் போய்விடும்.

மொத்தம், மாதத் தவணை, எந்தத் தேதி, எத்தனை மாதம், வட்டி இல்லை என்ற ஐந்தும் மெயிலில் இருக்கவேண்டும். உத்தரவாதத்துக்கு வெற்றுக் காசோலை கேட்டால் தராதீர்கள். வட்டி பற்றி ஒரு வார்த்தை: தவறு அவர்களுடையது என்பதால் பணம் கிடந்த காலத்துக்கு வட்டி கேட்பது நியாயம் இல்லை. கேட்ட பிறகும் நீங்கள் இழுத்தடித்து விவகாரம் கோர்ட்டுக்குப் போனால் அங்கே வட்டி போடலாம்.

எனக்கு அவங்க விடுப்புச் சம்பளம் பாக்கி. அதைக் கழிச்சிக்கிட்டு மீதிய தரலாமா?

இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் தாராளமாக. நீங்களாகக் கழித்துவிட்டு "கணக்கு முடிஞ்சுது" என்று சொன்னால் முடியாது. கழிவுக் கணக்கை எழுதி அனுப்பி, அவர்களின் ஒப்புதல் வந்த பிறகு மீதியைக் கட்டுங்கள்.

உங்கள் பக்கமும் சட்டம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு நிலுவைச் சம்பளத்தை 2 வேலை நாளுக்குள் கொடுக்கவேண்டும். அதிகமாகக் கொடுத்த சம்பளத்தைப் பிடித்துக்கொள்ள அதே சட்டம் அவர்களுக்கும் வழி விடுகிறது, ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பணிக்கொடையில் கைவைக்க அதிகமாக வந்த பணம் ஒரு காரணம் ஆகாது.

தரலேன்னா ரிலீவிங் லெட்டர் கிடையாதுங்கறாங்க. புது கம்பெனில சொல்லி சம்பளத்துல புடிப்போம்னு வேற மெரட்டறாங்க.

இரண்டாவது வெறும் மிரட்டல். கோர்ட் உத்தரவு இல்லாமல் புதுக் கம்பெனி உங்கள் சம்பளத்தில் இன்னொருவருக்காக ஒரு ரூபாயும் பிடிக்கமுடியாது. கோர்ட்டே உத்தரவிட்டாலும், இந்த மாதிரிக் கடன் தீர்ப்புகளில் சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடமுடியாது.

ரிலீவிங் லெட்டர் விஷயத்தில் வீம்பு வேண்டாம். பணத்தைத் திருப்பும் மெயிலிலேயே "தொகை வரவானதும் விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் தருவதாக உறுதி செய்யவும்" என்று கேட்டு வாங்குங்கள்.

வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு. நான் இருக்கறது கடலூர், கம்பெனி சேதராப்பட்டு. கேஸ் எங்க நடக்கும்?

எதிராளி வசிக்கும் இடத்திலும் போடலாம், விவகாரம் நடந்த இடத்திலும் போடலாம். எனவே கடலூரிலும் வரலாம், புதுச்சேரியிலும் வரலாம். கம்பெனிகள் தங்களுக்கு வசதியான புதுச்சேரியைத்தான் எடுக்கும்.

நோட்டீஸ் வந்தாலே கேஸ் வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. அதைப் பரணில் போட்டுவிடாமல், குறிப்பிட்ட நாளுக்குள் பதில் கொடுங்கள். தொகை தவறு என்றால் எங்கே தவறு என்று எழுதுங்கள். வக்கீலுக்குச் செலவு செய்ய வழி இல்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், அல்லது நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச உதவி உண்டு. இந்த அளவு விவகாரங்கள் லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் ஒரே அமர்வில் பேசி முடிவதும் உண்டு.

நாலு வருஷம் கழிச்சு இப்பதான் கேக்கறாங்க. காலம் கடந்துடுச்சுல்ல?

அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். பொதுவாக வழக்குப் போட 3 ஆண்டு. ஆனால் தவறுதலாகக் கொடுத்த பணத்துக்கு, அந்தத் தவறைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, அல்லது ஓரளவு கவனமாக இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்து கணக்கு ஓடும். இரண்டாவது பாதிதான் உங்களுக்கு உதவும்: ஒவ்வொரு வருடமும் தணிக்கை நடந்த கம்பெனி "நாலு வருஷமா தெரியல" என்று சொல்வது எளிதில் எடுபடாது. இதை வக்கீலை வைத்துத்தான் பேசவேண்டும். அதுவரை "ஆமாம், தரவேண்டியதுதான்" என்று எழுத்தில் எதுவும் கொடுக்காதீர்கள். தருவதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு உங்கள் மனசாட்சி.

எங்க மாமா கவர்மெண்ட்ல இருந்து ரிடையர் ஆனவர். அதிகமா வந்ததைத் திருப்ப வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்காமே?

சொல்லியிருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீ வழக்கில் 2014 டிசம்பர் 18-ல் வந்த தீர்ப்பு அது. குரூப் சி, டி (கீழ்நிலைப் பிரிவு) ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வு பெற இருப்பவர்கள், 5 ஆண்டுக்கு மேல் தொடர்ந்து அதிகமாகக் கொடுத்துவிட்ட இனங்கள் ஆகியவற்றில் அரசு திரும்ப வசூலிக்கக்கூடாது என்றது. உயர் பதவி வேலையைத் தவறாகச் செய்ய வைத்து அதற்கான சம்பளம் கொடுத்ததும், வசூலித்தால் பெரிய அநியாயமாகும் மற்ற இனங்களும் அதில் அடங்கும். மத்திய அரசு 2016 மார்ச் 2-ல் இதை ஒட்டி உத்தரவும் போட்டது. ஆனால் 2016-லேயே ஜக்தேவ் சிங் வழக்கில், "அதிகம் வந்தால் திருப்பித் தருவேன்" என்று முன்பே எழுதிக்கொடுத்தவர் தப்பமுடியாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாமா என்ன கையெழுத்துப் போட்டார் என்று முதலில் பாருங்கள்.

இது சம்பள நிர்ணயத்தில் நடந்த பிசகால் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகக் கூடுதலாக வாங்கிச் செலவாகிப்போன பணத்துக்கானது. தனியார் கம்பெனியில் ஒரு மாதச் சம்பளம் இரண்டு தடவை ஏறியதற்கு இந்தத் தீர்ப்பைக் காட்டினால் எந்த வக்கீலும் சிரிப்பார்.

அப்பா தவறி மூணு மாசம் ஆச்சுங்க. அவர் பென்ஷன் இன்னும் ஏறுது. ஏடிஎம் கார்டு எங்கிட்டதான் இருக்கு.

கார்டை எடுத்துப் பூட்டி வைத்துவிடுங்கம்மா. இறந்தவர் கார்டில் பணம் எடுப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. இறப்புச் சான்றிதழோடு வங்கிக் கிளைக்கும் பென்ஷன் தரும் அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். இறந்த நாளுக்குப் பிறகு ஏறியதை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அம்மா இருந்தால் அதே நேரத்தில் குடும்ப ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பம் கொடுங்கள், அது அவருக்கு உரிமையான பணம். ஏற்கனவே எடுத்துச் செலவாகியிருந்தால் ஈமச் செலவுக் கணக்கோடு உண்மையைச் சொல்லித் தவணை கேட்பதே வழி.

சிங்கப்பூர் கம்பெனில இருந்தேன். அவங்க டாலர்ல திருப்பிக் கேக்கறாங்க. ரேட்டு ஏறிடுச்சே?

உங்களுக்கு எந்தப் பணத்தில் வந்ததோ அதைத்தான் தரவேண்டும் என்று பேசுங்கள். ரூபாயாகக் கணக்கில் விழுந்திருந்தால் அந்த ரூபாய்த் தொகைக்கு எத்தனை டாலர் வருகிறதோ அவ்வளவு. ரேட் வித்தியாசமும் வங்கிக் கட்டணமும் தவறு செய்தவர் தலையில் போகட்டும் என்பது என் கட்சி. பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். வங்கிக்குப் போகும்போது பணம் வந்த ஆதாரத்தையும் அவர்கள் மெயிலையும் கொண்டுபோங்கள், காரணம் கேட்பார்கள்.

அனுப்பிட்டேன் சார். இனி என்ன வாங்கி வெச்சிக்கணும்?

"இந்தத் தேதியில், இந்த யுடிஆர் எண்ணில், இவ்வளவு ரூபாய் பெற்றுக்கொண்டோம், இவரிடமிருந்து வேறு பாக்கி இல்லை" என்று ஒரு மெயிலோ கடிதமோ. "பாக்கி இல்லை" என்ற வரி இல்லாத ரசீது பாதி ரசீதுதான், திருத்தித் தரச் சொல்லுங்கள். அதோடு திருத்திய பே ஸ்லிப், பி.எஃப். தளத்தில் சரியான விடுபட்ட தேதி, தேவைப்பட்டால் திருத்திய பார்ம் 16.

எல்லாவற்றையும் போனில் மட்டும் வைக்காதீர்கள், போன் மாற்றும்போது போய்விடும். ஒரு பிரதி எடுத்து, கடைசி மாத பாஸ்புக் பக்கத்தின் ஜெராக்ஸோடு ஆஃபர் லெட்டர் இருக்கும் அதே ஃபைலில் சேருங்கள். பதினைந்து நாளில் "பாக்கி இல்லை" கடிதம் வரவில்லை என்றால் யுடிஆர் எண்ணைப் போட்டு மறுபடி ஒரு மெயில் அனுப்புங்கள். இந்த முறை முதலாளிக்கும் ஒரு நகல் போகட்டும்.